பென்சிலில் இருந்த பெயர்

“பென்சிலால எழுதுறது எதுக்கு புள்ள? அழிக்கத்தானே?”

பதினோரு வருடங்களுக்கு முன்பு, பிரேம் கடையில் வேலைக்கு உட்கார்ந்த முதல் நாள், ஹிமாயாவிடம் அவளுடைய அண்ணன் முத்தலிப் காக்கா இப்படிக் கேட்டார். அவர் கேள்வியாகத்தான் கேட்டார். ஹிமாயா அதை ஓர் உத்தரவாக எடுத்துக்கொண்டாள்.

அப்போது அவள் பள்ளிக்கூடத்தை விட்டு ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. பத்தாம் வகுப்பில் ஆங்கில ரீச்சர் எழும்பி வாசிக்கச் சொன்னபோது வாய் திறக்க முடியாமல் நின்றாள். வகுப்பே சிரித்தது. அடுத்த நாள் காய்ச்சல் என்று படுத்தவள் பிறகு அந்தப் பக்கம் போகவே இல்லை. அதட்டிப் பார்த்த உம்மா கடைசியில் கை விட்டுவிட்டார். காக்காதான், “சும்மா இரிக்கிறதுக்கு என்னோட வா, கடைக்குப் பின்னால ஆரும் உன்னப் பாக்க மாட்டாங்க” என்று கூட்டிவந்தார்.

கல்முனைக்குடி பிரதான வீதியில் இருந்த அந்தக் கடைக்கு முன்பக்கம் காக்காவின் மேசை. நடுவில் ஒரு மண்ணிறத் திரை. திரைக்கு உள்ளே ஹிமாயாவின் அறை. கண்ணாடி வெட்டுவதும், சட்டம் பொருத்துவதும், படத்தைத் துடைத்து வைப்பதும் எல்லாம் அவள்தான். “முத்தலிப்ட கை வேற கை” என்று சனங்கள் புகழ்வார்கள். காக்கா தாடியைத் தடவிக்கொண்டு, “எல்லாம் அல்லாஹ்ட கிருபை” என்பார். ஹிமாயா உள்ளே சிரித்துக்கொள்வாள். அவளுக்கு அது போதும். திரைக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. அதன் வழியே வருகிறவர்களின் பாதங்கள் மட்டும் தெரியும். முகம் தெரியாமல் செருப்பையும் குரலையும் வைத்தே ஊரில் பாதிப் பேரை அவள் அறிந்து வைத்திருந்தாள்.

பிரேம் போட வரும் படங்களில் எங்காவது பென்சில் இருக்கும். ஆயத்துல் குர்ஸி என்ற குர்ஆன் வசனம் அச்சடித்துவரும் தாள்களின் மூலையில் அளவுக்குறி இருக்கும். கலியாணப் படங்களின் ஓரத்தில் ஸ்ரூடியோக்காரரின் இலக்கம் இருக்கும். காக்கா கேட்டபடியே ஹிமாயா அவற்றையெல்லாம் அழித்துவிடுவாள். அழிறப்பரைச் சாய்த்துப் பிடித்து, தாள் மயிர் எழும்பாமல், ஒரே திசையில். பிறகு மெல்லிய தூரிகையால் தூசியைத் தட்டுவாள். சுத்தமான வெள்ளை ஓரத்தோடு ஒரு படம் கண்ணாடிக்குள் போவதைப் பார்க்கும்போது அவளுக்கு ஏதோ ஒரு நிம்மதி வரும்.

ஒரு திங்கட்கிழமை, திரைக்குக் கீழே இரண்டு புதிய பாதங்கள் வந்து நின்றன. வெடித்த குதி, தேய்ந்த பச்சை வார்ச் செருப்பு, சேலைக் கரை.

“தம்பி, ஒரு படம் இருக்கு. கவனமாப் போட்டுத் தரணும்.”

“கவனமில்லாம நம்ம கடையில ஒண்டும் வெளிய போறல்ல அக்கா. எங்க இருந்து வாறீங்க?”

“நற்பிட்டிமுனை.”

“அப்ப கிட்டடிதான். சாமிப் படமா?”

“இல்ல.”

“கலியாணப் படமா?”

“இல்ல தம்பி. எடுத்துப் பாருங்களன். கையத் துடைச்சிட்டு எடுங்க.”

மட்டைக் குழாயிலிருந்து தாள் உருவப்படும் சத்தம் கேட்டது. பிறகு காக்காவின் குரல்: “இது சேர்ச்செல்லா! நீங்க வேதக்காரரா அக்கா?”

“நாங்க சைவம்.”

“அப்ப சேர்ச்சு என்னத்துக்கு?”

“வடிவா இருக்குத்தானே. அதுக்குத்தான்.”

“வடிவுதான். உச்சியில கோழியும் ஒண்டு நிக்கிது. ஆளப் பாத்தா நல்ல கொழுத்த கோழி.”

“அது சேவல் தம்பி. தகரத்தால செஞ்சது. காத்து வாற பக்கம் திரும்பி நிக்குமாம்.” அந்த அம்மாவும் சிரித்தாள். ஆனால் சீக்கிரம் நிறுத்திக்கொண்டாள். “வெள்ளிக்கிழமை வேணும். நாளைக்கு இவருக்குக் கண்ணில பூ எடுக்கிறாங்க. வெள்ளிக்கிழமைக்கு நல்லாத் தெரியும் எண்டு டொக்டர் சொன்னவர். தெரியிற கண்ணோட அவர் இதப் பாக்கணும்.”

காக்கா ரசீதுத் துண்டில் பெயர் எழுதினார். சிவக்கொழுந்து. பச்சை வார்ச் செருப்பு படியிறங்கிப் போனது. படம் திரைக்குள் வந்தது.

ஹிமாயா அதை மேசையில் விரித்து நான்கு மூலைக்கும் கண்ணாடித் துண்டுகளை வைத்தாள். வர்ணம் எதுவும் இல்லை. தலைமயிர் போன்ற ஆயிரம் கறுப்புக் கோடுகள். தூரத்தில் நின்றால் நிழல், கிட்டப் போனால் கோடு. கூரான கோபுரம் ஒன்று, அதன் உச்சியில் சேவல், நடுவில் மணிக்கூடு. வாசலைச் சுற்றிக் கல்லில் வெட்டிய மனிதர்கள் வரிசையாக நின்றார்கள். சிலருக்கு மூக்கில்லை, ஒருவருக்குக் கையில்லை. அவ்வளவு பழையது. பக்கத்தில் ஒரு பாலம், அதன் கீழே ஆறு.

அவள் வாழ்க்கையில் எந்த சேர்ச்சையும் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. சேர்ச்சுகளில் குண்டு வெடித்த அந்த ஏப்ரல் மாதத்துக்குப் பிறகு, எந்த சேர்ச்சைக் கடந்து போனாலும் அபாயாவை இழுத்துப் பிடித்துக்கொண்டு குனிந்து நடப்பது அவள் பழக்கமாகிப் போயிருந்தது. அவள் யாருக்கும் ஒன்றும் செய்தவள் அல்ல. ஆனாலும் கேற்றில் நிற்கும் காவலாளியின் கண்ணை அவளால் பார்க்க முடியாது. இந்த சேர்ச்சின் வாசலில் யாரும் நிற்கவில்லை. கதவு பாதி திறந்திருந்தது. எவ்வளவு நேரமும் பார்க்கலாம், ஒருவரும் “யார் நீ” என்று கேட்கமாட்டார்கள்.

கதவுக்கு முன்னால் படிக்கட்டில் ஒரு கறை தெரிந்தது. மை சொட்டியிருக்கும் என்று நினைத்து வில்லைக் கண்ணாடியை எடுத்து வைத்துப் பார்த்தாள். கறை அல்ல. ஒரு சோடிச் செருப்பு. றப்பர் செருப்பு. இரண்டு வார்களும் விரலிடுக்குக் குமிழும்கூடக் கீறப்பட்டிருந்தன. ஒன்று நேராக, மற்றது சற்றுத் திரும்பி, கழற்றியவர் அவசரமாக உள்ளே போனதுபோலக் கிடந்தன.

ஹிமாயாவுக்குச் சிரிப்பு வந்தது. பள்ளிவாசலுக்கு முன்னால் எத்தனை சோடி இப்படிக் கிடக்கும்! தன்னையறியாமல் அந்தச் செருப்புக்கு உரியவரை உள்ளே தேடினாள். பாதி திறந்த கதவுக்குள் கறுப்புக் கோடுகள் மட்டும் நெருக்கமாக இருந்தன.

பிறகு வேலையைத் தொடங்கினாள். படத்துக்குக் கீழே வெள்ளை ஓரத்தில் பென்சில் கிறுக்கல்கள் இருந்தன. இடப்பக்கம் மூன்றின் கீழ் பதினைந்து என்று ஒரு கணக்கு. நடுவில் வெளிநாட்டு மொழியில் இரண்டு சொற்கள். வலப்பக்கம் நூல் அவிழ்ந்ததுபோல ஓர் இழுப்பு. அச்சகத்துக் குறிகள் என்று நினைத்தாள். அழிறப்பரைச் சாய்த்துப் பிடித்தாள். ஒரே திசையில், மெதுவாக. இவ்வளவு அழகான படத்துக்கு இவ்வளவு அழுக்கான ஓரம் பொருத்தமில்லை என்று, வழக்கத்தைவிட ஆசையாக அழித்தாள்.

புதன்கிழமை பச்சை வார்ச் செருப்பு திரும்பவும் வந்தது.

“என்னக்கா, இன்னும் முடியல்ல. வெள்ளிக்கிழமை எண்டுதானே சொன்னீங்க?”

“தெரியும் தம்பி. ஒண்டு சொல்ல மறந்திட்டன். சொல்ல மறந்ததில்ல, சொல்லப் பயந்திட்டன். படத்துக்குக் கீழ பென்சிலால ஒரு எழுத்து இருக்கு. சட்டத்தால அத மறைச்சிராதீங்க. அது வெளியில தெரியணும்.”

“எழுத்தா? நான் கவனிக்கல்லியே.”

“வலப்பக்கம். அது பேர்.”

திரைக்கு உள்ளே, வெட்டிக்கொண்டிருந்த கண்ணாடியின் மேல் ஹிமாயாவின் கை அப்படியே நின்றது.

“ஆர்ட பேர்?”

சிவக்கொழுந்து கதிரையை இழுத்து உட்கார்ந்தாள். “கீறினவட பேர். என்ட மகள்தான் கீறினவ. செப்புத் தகட்டில மெழுகு பூசி, ஊசியால கீறி, அமிலத்துக்க போட்டு, மை பூசித் தாளில அச்சடிச்சு எடுக்கிறதாம். பேர நான் சொல்ல ஏலா தம்பி. சத்தியம் பண்ணியிருக்கன். பாண்டிருப்பு அம்மனுக்கு முன்னால, அவட பேர் இனி என்ட வாயால வராது எண்டு. இவர்தான் பண்ண வச்சவர்.”

“அல்லாஹ்வே. அப்பிடி என்ன செஞ்ச புள்ள?”

“சுவிசில மாப்பிள்ளை பாத்து அனுப்பினம். இவர் பாத்த மாப்பிள்ளை. போய் ஒரு மாசத்தில, அவனோட இருக்க ஏலா எண்டு வெளிய வந்திட்டா. அவன் ஆள் சரியில்ல, அது மறுகாத்தான் தெரிஞ்ச. ஆனா இவர் சொந்தத்துக்க தலை காட்ட ஏலாமப் போனார். ‘எனக்கு மகள் இல்ல’ எண்டார். வெளிய வந்தவக்குப் போக இடமில்ல. மொழி தெரியாது. பனி. இந்தக் கோயிலுக்குக் கீழ ஒரு அறை இருக்காம். போக்கிடம் இல்லாதவங்களுக்குக் கட்டில் போட்டுக் குடுக்கிறதாம். அந்தப் பனிக்காலம் முழுக்க அதுக்கதான் படுத்தவ. இப்ப நல்லா இருக்கா. படம் கீறப் படிச்சிருக்கா. காரைதீவில இருக்கிற என்ட தங்கச்சியோடதான் போன்ல கதைக்கிறவ, அவட விலாசத்துக்கு இத அனுப்பியிருக்கா. கடதாசி இல்ல. படம் மட்டும்தான்.”

காக்காவின் கதிரை கிறீச்சிட்டது.

“நீங்க கோழி எண்டு பகிடி பண்ணினீங்க” என்றாள் சிவக்கொழுந்து. “நான் மிஷன் பள்ளிக்கூடத்தில படிச்சனான். அங்க ஒரு கதை சொல்லுவாங்க. தன்ட குருவை ஆளுகள் பிடிச்சோண்டு போகக்குள்ள, ‘எனக்கு அவரத் தெரியாது, தெரியாது’ எண்டு மூண்டு தரம் சொன்னானாம் ஒராள். சேவல் கூவினதும்தான் தான் சொன்னது அவனுக்கு உறைச்சதாம். வெளியில போய் அழுதானாம். அதாலதான் கோயில் உச்சியில சேவல் வைக்கிறதாம். இவரும் சொல்லுறார். மூண்டு தரம் இல்ல, ஒம்பது வருசமா.”

“அப்ப வெள்ளிக்கிழமை…”

“சுவரில மாட்டுவன். பாத்திட்டு, ஆர் கீறினது எண்டு கேப்பார். எனக்கு வாய் திறக்க ஏலா. விரலால எழுத்தக் காட்டுவன். அதுக்குப் பிழை இல்லத்தானே? சத்தியமும் முறியாது. இவர் தபால் கந்தோர்ல முப்பது வருசம் இருந்தவர். எழுத்தப் பாத்து ஆளச் சொல்லுவார். தன்ட புள்ளைட எழுத்தத் தெரியாமப் போகுமா?”

அவள் எழும்பினாள். போகும்போது, “அந்த எழுத்துத்தான் தம்பி” என்று இன்னொரு தரம் சொல்லிவிட்டுப் போனாள்.

திரை விலகியது. கடை நேரத்தில் ஹிமாயா முன்பக்கம் வருவதே இல்லை. காக்கா திடுக்கிட்டுப் பார்த்தார்.

“நான் அழிச்சிட்டன் காக்கா.”

“என்னத்த?”

“கீழ இருந்த எழுத்த.”

“எந்த எழுத்த?”

“எல்லாத்தயும்.”

காக்கா கதிரையில் சாய்ந்தார். “யா அல்லாஹ். உனக்கு வாசிக்கத் தெரியாதா புள்ள?”

“பென்சில் எண்டா…” என்று தொடங்கியவள் அங்கேயே நிறுத்திக்கொண்டாள். காக்காவுக்குத் தான் கேட்ட பழைய கேள்வி நினைவிருந்ததோ என்னவோ, அதற்கு மேல் அதட்டவில்லை. இருவரும் உள்ளே போய்ப் படத்தைக் குனிந்து பார்த்தார்கள். ஓரம் பால்போல வெள்ளையாக இருந்தது. தன் வேலை இவ்வளவு சுத்தமாக இருந்ததற்காக ஹிமாயா அன்றுதான் முதன்முதலாக வெட்கப்பட்டாள்.

யன்னலைச் சாத்திவிட்டு, தொலைபேசியின் வெளிச்சத்தைத் தாளோடு தாளாகச் சாய்த்துப் பிடித்தாள். ஓரத்தில் நிழல்கள் எழும்பின. பென்சில் போனாலும் அது அழுத்திய பள்ளம் போகவில்லை. நூல் அவிழ்ந்தது போலிருந்த அந்த இழுப்பு இப்போது மெல்ல மெல்ல எழுத்தாக மாறியது. தமிழ் எழுத்து. ஒன்றோடொன்று கோத்து, கை எடுக்காமல் எழுதியது.

தர்சிகா செல்லத்தம்பி.

“செல்லத்தம்பி ஆரு?” என்றார் காக்கா.

“வாப்பாவா இரிக்கும்” என்றாள் ஹிமாயா. ஒன்பது வருடம் மகள் இல்லை என்று சொன்னவரின் பெயர். அந்த மகள் அதைத் தன் பெயரோடு சேர்த்து, கடல் கடந்து வந்த தாளில் எழுதியிருந்தாள்.

காக்கா நிமிர்ந்தார். “பள்ளம் இரிக்கித்தானே. அதுக்கு மேல பென்சில ஓட்டிவிடு. உன்ட கை நடுங்காத கை. ஆருக்கு விளங்கப் போற?”

ஹிமாயா பழைய தாளில் பத்துத் தரம் எழுதிப் பார்த்தாள். பத்தாவது தரம் தர்சிகாவே எழுதியதுபோல வந்தது. அவளுக்கே பயமாக இருந்தது. பிறகு படத்தின் ஓரத்தில் பென்சிலை வைத்தாள். முதல் எழுத்து, ‘த’. பள்ளத்தின் வழியே மெதுவாக இறக்கினாள்.

எழுதி முடித்துப் பார்த்தபோது அது ‘த’ தான். ஆனால் அது அவளுடைய ‘த’. வளைவில் ஒரு கவனம் இருந்தது. தன் பெயரை எழுதுகிற யாரும் அவ்வளவு கவனமாக எழுதுவதில்லை. அழிறப்பரை எடுத்தாள். பதற்றத்தில் இரண்டு தரம் கூடுதலாகத் தேய்த்துவிட்டாள். வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தபோது அந்த இடத்தில் பள்ளமும் இல்லை. தாள் மயிர் மட்டும் எழும்பி நின்றது.

“காக்கா, எனக்கு ஏலா.”

“ஒரு எழுத்து. அதையும் எழுதிட்டு மிச்சத்தையும் எழுது.”

“அது ஒப்பம் காக்கா. அடுத்த ஆள்ட ஒப்பம். அந்த அம்மா அதத் தொட்டுக் காட்டப் போறா. நான் எழுதினத மகள்ட எண்டு நம்பித் தொடப் போறா.”

காக்கா தாடியை உருவினார். “அப்ப நான் சொல்லிக்கிறன், பிழை நடந்திட்டு எண்டு.”

“இல்ல. நான் சொல்றன்.”

“நீயா?” என்றார் காக்கா. கேலியாகத்தான் கேட்க வந்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, “சரி புள்ள” என்று குரலை இறக்கிக்கொண்டார்.

வியாழக்கிழமை முழுவதும் ஹிமாயா அந்தப் படத்துக்குச் சட்டம் போட்டாள். ஒல்லியான கறுப்புச் சட்டம். ஓரம் முழுவதும் வெளியில் தெரியும்படி அளவெடுத்து வெட்டினாள். கண்ணாடியை மூன்று தரம் துடைத்தாள். பின்பலகையை வைத்து நான்கு சிறிய கம்பிகளால் மட்டும் மடக்கிவிட்டு, ஆணி அடிக்காமல் விட்டாள். சிவக்கொழுந்து வந்தால் தாளை வெளியே எடுத்து வெளிச்சத்தில் காட்ட வேண்டும். வேலை செய்தபடியே வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். “அம்மா, நான் ஒரு பிழை செஞ்சிட்டன்.” “அம்மா, தெரியாமச் செஞ்சது.” எப்படித் தொடங்கினாலும் இரண்டாவது வசனத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது. பத்தாம் வகுப்பில் எழும்பி நின்ற அந்த ஐந்து நிமிடம் திரும்பவும் வந்து நின்றதுபோல இருந்தது.

வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கே காக்கா கடைக் கதவைப் பாதி இறக்கிவிட்டு, ஜும்ஆவுக்குக் குளிக்க வீட்டுக்குப் போனார். “இனி அந்த அம்மா தொழுகைக்குப் பிறகுதான் வருவா. நான் வந்திருவன்” என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

அவர் போய் ஐந்து நிமிடமும் இராது. பாதிக் கதவுக்குக் குனிந்து யாரோ உள்ளே வந்தார்கள். திரைக்குக் கீழே தெரிந்தது பச்சை வார்ச் செருப்பு அல்ல. நகம் வெட்டிய சுத்தமான ஆண் பாதங்கள், மண்ணிறத் தோல் செருப்பு, வெள்ளை வேட்டிக் கரை.

“ஆரும் இருக்கிறீங்களா?”

ஹிமாயா மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். பேசாமல் இருந்தால் போய்விடுவார்.

“தம்பி! நற்பிட்டிமுனை. செல்லத்தம்பி. மனிசி துண்டு தந்து விட்டவ. படம் ஒண்டு கிடக்காம். என்ன படம் எண்டு கேட்டா, போய்ப் பாருங்க எண்டா.”

சிவக்கொழுந்து வேண்டுமென்றேதான் அனுப்பியிருக்கிறாள். அவர் தனியாக, கடையில் வைத்து, அந்த எழுத்தைப் பார்க்கட்டும் என்று. வீட்டில் விரலால் காட்டும் தைரியம்கூட அவளுக்குக் கடைசியில் வராமல் போயிருக்க வேண்டும். இப்போது படத்தைக் கொடுத்துவிட்டால் அவர் எடுத்துக்கொண்டு போவார். பார்ப்பார், ஒரு சேர்ச்சு, ஒரு சேவல். யார் கீறியது என்று கேட்டால் அந்த அம்மா விரலை வெள்ளைத் தாளில் வைப்பாள்.

ஹிமாயா தலைத்துணியைச் சரிசெய்தாள். படத்தை இரண்டு கைகளாலும் தூக்கிக்கொண்டு தோளால் திரையை விலக்கினாள்.

கறுப்புக் கண்ணாடி போட்ட, உயரமான மனிதர். அவளைக் கண்டதும் கொஞ்சம் பின்வாங்கினார். “கடைத் தம்பி இல்லையா மகள்?”

அவள் இல்லையென்று தலையாட்டினாள். படத்தை மேசையில் வைத்தாள். அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். பூ எடுத்த கண் கலங்கிச் சிவந்திருந்தது. ஆனால் அந்தக் கண்ணால்தான் பார்த்தார். மற்றதை மூடிக்கொண்டார்.

“அட. என்ன நுணுக்கம்! ஒவ்வொரு கல்லும் தெரியுது.” புதிதாகக் கிடைத்த பார்வையின் சந்தோசம் அவர் குரலில் இருந்தது. “இது எந்த ஊர் சேர்ச்? எங்கட பக்கத்தில இல்ல, வெள்ளக்காரன்ட ஊர் போல. மணிக்கூடு பத்தேகால். இந்தச் சேவல்ட கொண்டை கூடத் தெரியுது பாருங்க.” விரல் கண்ணாடியின் மேல் இறங்கி வாசற்படியில் நின்றது. “இஞ்ச ஒரு கறை.”

“கறை இல்ல ஐயா.”

தன் குரல் வெளியே கேட்டது ஹிமாயாவுக்கே வியப்பாக இருந்தது. “செருப்பு.”

அவர் இன்னும் குனிந்தார். “செருப்புத்தான்! றப்பர் செருப்பு.” சிரித்தார். “சேர்ச்சுக்க செருப்போடதானே போறவங்க? அதுவும் அந்தக் குளிர் தேசத்தில. இதக் கீறினவருக்கு அது தெரியாது போல.”

“அவக்குத் தெரியும் ஐயா. அவ அதுக்க இருந்தவ.” ஹிமாயா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். “எங்க இருந்தாலும், கழட்டி வச்சிட்டுத்தான் உள்ளுக்குப் போகணும் எண்டு பழகின ஆள். அதான் அப்பிடிக் கீறியிரிக்கா.”

செல்லத்தம்பி நிமிர்ந்தார். சிரிப்பு இன்னும் வாயில் இருந்தது, ஆனால் கண்ணில் இல்லை. “ஆர் கீறினது?”

“கீழ ஒரு பேர் இருந்த ஐயா. பென்சிலால. நான் அது அழுக்கு எண்டு நினைச்சி அழிச்சிட்டன். உங்கட அம்மா… உங்கட வீட்டம்மா, அந்தப் பேர நீங்க பாக்கணும் எண்டுதான் இதக் கொண்டுவந்த. காக்காட பிழை இல்ல. என்ட பிழை. திருப்பி எழுதப் பாத்தன். அது என்ட எழுத்தாத்தான் வந்த, அதையும் அழிச்சன். அதால முதல் எழுத்துட பள்ளமும் இல்லாமப் போயிட்டு. மிச்சம் இரிக்கி. பாக்கிறீங்களா?”

பதினோரு வருடத்தில் ஓர் அந்நியரிடம் அவள் பேசிய மிக நீளமான பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

அவர் மேசையை விட்டு நகரவில்லை. ஹிமாயா கம்பிகளை நிமிர்த்திப் பின்பலகையைக் கழற்றினாள். தாளை வெளியே எடுத்தாள். பாதி இறக்கிய கதவால் கடைக்குள் வெளிச்சம் குறைவாகத்தான் இருந்தது. தொலைபேசி வெளிச்சத்தைத் தாளோடு சாய்த்துப் பிடித்தாள். ஓரத்தில் நிழல்கள் நடுங்கின. மற்றக் கையால் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

முப்பது வருடம் தபால் உறைகளின் மேல் ஓடிய கண்கள் அந்த ஓரத்தில் ஓடின. முன்னே போயின, திரும்பின. அவருடைய உதடுகள் அசைந்தன.

“தர்சிகா” என்றார்.

தாளில் அந்த முதல் எழுத்து இல்லை. பிறகு, தன் பெயரையே முதன்முதலாக வாசிப்பவர்போல, “செல்லத்தம்பி” என்றார்.

வீதியில் ஒரு முச்சக்கரவண்டி போனது. பள்ளிவாசலில் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. ஹிமாயா வெளிச்சத்தை அணைக்காமல் பிடித்துக்கொண்டே நின்றாள். கை கடுத்தது. அவர் பார்த்து முடிக்கும்வரை அணைப்பதில்லை என்று நின்றாள். அவர் சுட்டுவிரலை அந்த எழுத்துக்கு நேரே கொண்டுபோனார். தொடவில்லை. ஒரு நூல் உயரத்தில், எழுதியவளின் கை போன வழியே விரலை நகர்த்தினார். ‘ம்பி’ முடிந்த இடத்தில் விரல் நின்றது. கலங்கிய கண்ணிலிருந்து நீர் இறங்கியது. டொக்டர் கண்ணைத் துடைக்க வேண்டாம் என்று சொல்லியிருப்பார். அவர் துடைக்கவில்லை.

பாங்கு தொடங்கியது. அப்போதுதான் அவர் நிமிர்ந்தார். ஹிமாயா தாளைக் கண்ணாடிக்குள் வைத்துப் பலகையை மூடினாள்.

“பின்பக்கம் ஆணி அடிக்கல்ல ஐயா. ஒரு நிமிசம் நில்லுங்க, நாலு ஆணி அடிச்சித் தாறன். பேப்பர் சுத்தியும் தாறன்.”

அவர் நிற்கவில்லை. மேசையிலிருந்து படத்தை எடுத்தார். பலகை விழாமல் உள்ளங்கையால் பின்னால் அழுத்திக்கொண்டு, கண்ணாடிப் பக்கத்தை நெஞ்சோடு அணைத்தார். கறுப்புக் கண்ணாடி மேசையிலேயே கிடந்தது. ஹிமாயா அதை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள். பாதிக் கதவுக்குக் கீழே அவர் குனியும்போது, அதை அவருடைய சட்டைப்பையில் வைத்துவிட்டாள். அவர் தலையை மட்டும் ஒருமுறை அசைத்தார்.

வெள்ளை உடுப்பும் தொப்பியுமாகப் பள்ளிவாசலுக்குப் போகிறவர்களுக்கு எதிராக, சந்தியை நோக்கி, நல்ல வெயிலில் கண் கூசக் கூச அவர் நடந்து போனார்.